இருவரும் பின்னோக்கி நடந்த சனிக்கிழமை

ஜெர்மனிக்குப் போன மூன்றாவது நாள், காலை ஏழு மணிக்கு, மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய எலுமிச்சை சாதத்துடன் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். ரயில் வயல்களுக்கு நடுவே நின்றுபோயிருந்தது. ஏன் நின்றது என்று ஒலிபெருக்கியில் ஒருவர் மிகுந்த மரியாதையுடன் விளக்கிக்கொண்டிருந்தார். பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது, என்னைத் தவிர.

கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் சர்வீஸ் மேனேஜராக இருக்கிறேன். என் மனைவி சுகந்தி கார்ஹிங் என்ற ஜெர்மன் ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு வருடம் என்று சொல்லிப் போனவள், அதை இன்னொரு வருடம் நீட்டித்து, இரண்டு வருடம் முடியப் போகிறது. ஜனவரியில் ஊர் திரும்ப வேண்டும். மூன்று வாரம் லீவு போட்டு நவம்பரில் நான் போனதே, அவளுடைய சாமான்களில் பாதியை முன்னாலேயே கட்டி எடுத்து வரத்தான். அதற்காகக் காலிப் பெட்டி ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன்.

வியாழக்கிழமை வந்து இறங்கி, நாள் முழுக்கத் தூங்கினேன். வெள்ளிக்கிழமை அவளுடைய ஆய்வகத்தைக் காட்டினாள். மதியம் அங்கே கேண்டீனில் உருளைக்கிழங்கு உருண்டை ஒன்று கொடுத்தார்கள். கத்தியால் அழுத்தினால் எதிர்த்து எழும்பியது. எதிர் வீட்டுப் பால்கனியில் போன வருட உலகக் கோப்பைக் கொடி வெளுத்துப்போய் இன்னும் தொங்கியது. அவ்வளவுதான் நான் பார்த்த ஜெர்மனி. இரவு படுக்கும்போது சுகந்தி சொன்னாள், "நாளைக்கு ஒரு டான்ஸ் ப்ரோக்ராம் இருக்கு. சீக்கிரம் கிளம்பணும்."

ப்ரோக்ராம் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது என்று நினைத்தேன். ரயில் நின்ற இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது.

"நாம பாக்கப் போகல. ஆடப் போறோம்," என்றாள். "நான் ரெண்டு வருஷமா ஆடிட்டிருக்கேன். ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவில ராஜா சபையில ஆடின டான்ஸ். ஒரு நாள் கத்துத் தருவாங்க. சாயங்காலம் அந்த ஊர்க்காரங்க முன்னாடி ஆடிக் காட்டணும்."

"நானா?"

"ஆம்பளைங்க கம்மி."

நான் பதில் யோசிப்பதற்குள் எல்லோரும் எழுந்து இறங்க ஆரம்பித்தார்கள். தண்டவாளத்தில் வேலை நடக்கிறதாம். மிச்ச தூரத்துக்கு பஸ். தூறலில் நாற்பது பேர் வரிசையாக நின்றோம். ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இப்படி இறக்கிவிட்டிருந்தால், இதற்குள் நாலு பேர் டைம் கீப்பரைச் சூழ்ந்திருப்பார்கள், ஒருவர் கலெக்டரைத் தெரியும் என்று சொல்லியிருப்பார். இங்கே ஒரு பெரியவர் கடிகாரத்தைப் பார்த்து மூக்கால் மூச்சு விட்டார். அதுதான் போராட்டம்.

பஸ் வந்தது. டிரைவருக்கு வழி தெரியவில்லை. முன் சீட்டில் இருந்த அம்மாள் ஒருவர் இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் இறங்கிய பிறகு எங்களை ஊருக்கு வெளியே ஒரு டிராக்டர் கடை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார் டிரைவர். அந்த ஊரின் பெயரைச் சுகந்தி மூன்று தடவை சொல்லியும் என் வாயில் நிற்கவில்லை. இருபது நிமிடம் நடந்தோம். தூக்கு என் கையில். சாதம் சூடாக இருந்ததால் அந்தக் கை மட்டும் குளிரவில்லை.

தேவாலயத்துக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் தானியக் கிடங்காக இருந்த கல் கட்டடம். உள்ளே வெளியைவிடக் குளிர். சுகந்தியைச் சேர்த்தால் பெண்கள் பதினொரு பேர்; என்னையும் சேர்த்து ஆண்கள் நாலே பேர். எல்லோரும் ஏற்கெனவே வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒல்லியாக, நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மாள், கையில் ஒரு கோல். அவர்தான் ஆசிரியை உர்சுலா. வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்று சுகந்தி சொல்லியிருந்தாள்.

"பதினொரு நிமிடம்," என்றார் உர்சுலா. இங்கிலீஷில்தான் சொன்னார், எனக்குப் புரியட்டும் என்று. வணக்கம் அதற்குப் பிறகு வந்தது.

ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். மெல்லிய தோல் செருப்பு போட்டுத்தான் ஆட வேண்டுமாம். என் அளவுக்கு இல்லை. சாக்ஸுடன் அந்தக் கல் தரையில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் கிளாஸ் என்ற ஒருவர், ஆறரை அடி உயரம், பச்சை நிறத்தில் காலோடு ஒட்டிய கால்சட்டை. ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கிறாராம். நான் அந்தக் காலையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "முழங்கால் மடங்குகிறதா என்று டீச்சருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?" என்று இங்கிலீஷில் விளக்கினார். எனக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை.

முதல் பாடம் கும்பிடு. அதாவது, ஆண் ஒரு காலைப் பின்னால் இழுத்து, முழங்காலை மடக்கி, தொப்பியைக் கழற்றி, உள்பக்கம் தெரியாமல் தொடையோடு வைத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் தொப்பி இல்லை. இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார் உர்சுலா. இல்லாத தொப்பியின் உள்பக்கம் தெரிகிறது என்று அதற்குப் பிறகு இரண்டு தடவை திட்டினார். இதற்கே இருபத்தைந்து நிமிடம்.

அடுத்தது கைகோர்த்து வட்டமாக ஆடுவது. ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். அதில் வரிசையாக எழுத்துகள், அம்புக்குறிகள், சின்னச் சின்னக் கால்கள். மோட்டாருக்கு வயரிங் படம் பார்த்தே பதினான்கு வருடம் ஓட்டியவன் நான். அது எவ்வளவு தேவலாம்! நம் ஊரில் கோயில் நோன்பில் ஒயிலாட்டம் ஆடுகிறார்கள். யார் தாள் பார்த்தார்கள்? பக்கத்தில் இருப்பவன் காலைப் பார்த்து, இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்வார்கள். இங்கே ஒரு அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கித் தாளைப் பார்த்து ஆடி, என் சுண்டுவிரலை மிதித்துவிட்டு, "மூன்றாவது பத்தியில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்.

நான் எல்லாவற்றையும் எதிர்ப் பக்கம் செய்துகொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், தமிழில்:

"தம்பி, இடது கால். உது வலது. மற்றதை வையுங்கோ."

திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் ஸ்டூலில், வெல்வெட் தொப்பியும் மடியில் ஒரு சின்ன மேளமுமாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் பாலன். சுகந்தி அவரைப் பாலண்ணை என்று கூப்பிட்டாள். லேத் பட்டறையில் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஜெர்மனியில். மேளமும் அடிப்பார், ஆள் குறைந்தால் ஆடவும் செய்வார்.

"இதுக்குள்ள எப்படிண்ணா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"என்ர மகள் பள்ளிக்கூடத்தில தொடங்கினவள். நான் காரில கொண்டுவந்து விடுறது. அவள் ஆறு மாசத்தில விட்டிட்டாள். எனக்கு விட ஏலாமப் போச்சு," என்றார்.

பதினொரு மணிக்கு ஜோடி ஜோடியாக நடக்கும் நடனம். வேகம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மாதிரி, இரண்டு அடி, நிறுத்தம், மூன்று அடி, நிறுத்தம். இதையாவது சமாளிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ஹாலின் கோடிக்குப் போனதும் ஜோடி அப்படியே திரும்ப வேண்டும். திரும்பும்போது ஆண் பின்னோக்கி நடக்க வேண்டும், பெண் அவனைச் சுற்றி முன்னோக்கி வர வேண்டும். நான் தாளில் உள்ளபடி பின்னோக்கி நடந்தேன். பக்கத்தில் சுகந்தியும் பின்னோக்கி நடந்தாள். இருவருமாகச் சேர்ந்து பின்னாலேயே போய், கிளாஸின் வயிற்றில் மோதி நின்றோம்.

மறுபடியும் ஆடினோம். மறுபடியும் இருவரும் பின்னோக்கி. உர்சுலாவின் கோல் தரையில் தட்டியது. "சுகந்தி! இன்று உனக்கு என்ன ஆயிற்று?"

"ரெண்டு வருஷமா ஆடுறேன்னு சொன்ன?" என்றேன் நான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பழக்கதோஷம்," என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. எதன் பழக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பொறுமை இல்லை, உள்ளங்கால் மரத்துப்போயிருந்தது.

ஒரு மணிக்குச் சாப்பாடு. அவரவர் கொண்டுவந்ததை நீள மேஜையில் வைத்தார்கள். உருளைக்கிழங்கு சாலட் நாலு வகை, நாலும் குளிர்ந்தது. கறுப்பு ரொட்டி. டப்பாவைத் திறந்ததும் ஹால் முழுக்கத் தெரிந்த ஒரு சீஸ். எங்கள் எலுமிச்சை சாதத்தைப் பார்த்து, "இது என்ன சாலட்?" என்று கேட்டார்கள். அரிசி சாலட் என்று சுகந்தி சொல்லிவிட்டாள். கடுகையும் கடலைப்பருப்பையும் பொறுக்கித் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, மற்றதை வழித்துச் சாப்பிட்டார்கள். சுமந்து வந்த எனக்கு இரண்டு கரண்டி கிடைத்தது.

பாலண்ணை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடுகோடு சேர்த்துச் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

"உங்கட மனுசி இன்னும் ரெண்டு வருசம் இஞ்சதான் எண்டு சொன்னவா. எங்களுக்கு நல்ல சந்தோசம், தம்பி. அவ போனா இந்தக் குழு படுத்திடும்."

"ரெண்டு வருஷமா?"

"ஓம். ப்ரொஃபசரின்ர புது ப்ராஜெக்ட். இந்தக் கிழமைதான் கையெழுத்து வச்சதெண்டு..." என்னுடைய முகத்தைப் பார்த்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஐயோ. உங்களுக்குத் தெரியாதே?"

நான் எழுந்தேன். சுகந்தி மேஜையின் மறுகோடியில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், என் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த பாலண்ணையைப் பார்த்தாள். தூக்கை எடுத்துக்கொண்டு, "வாங்க, கழுவிட்டு வந்துரலாம்," என்று சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"எப்ப சைன் பண்ணுன?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் வியாழக்கிழமை வந்தேன்."

"தெரியும்."

"ரெண்டு நாள் பொறுக்க முடியலையா?"

குழாயைத் திறந்து தூக்கைத் தேய்க்க ஆரம்பித்தாள். "பொறுத்தா உங்ககிட்ட கேக்கணும். கேட்டா வேண்டாம்பீங்க. அதுக்கப்புறம் பண்ணுனா உங்கள மீறிப் பண்ணுனதாயிரும்."

"இப்ப மட்டும்?"

"இப்பவும் அதேதான். ஆனா பண்ணிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் ஊரில் கட்டி முடித்திருக்கிற வீடுதான் முதலில் வாயில் வந்தது. அவள் உயரத்துக்குச் சமையல் மேடையை இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டச் சொல்லி, கொத்தனாரோடு நான் சண்டை போட்டதைச் சொன்னேன். "நான் கேட்டனா?" என்றாள். அது இன்னும் வலித்தது, ஏனென்றால் அவள் கேட்கவில்லை.

"எங்கம்மாகிட்ட இனி நான் என்னன்னு பொய் சொல்றது? போன தடவை யுனிவர்சிட்டியில விட மாட்டேங்கறாங்கன்னு சொன்னேன். அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்ல உம்பேரு கெடாம இருக்கு."

"நான் உங்கள அப்படிச் சொல்லச் சொல்லலையே."

பாத்திரம் துடைக்கும் துணியோடு பக்கத்தில் நின்றிருந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துப் புன்னகைத்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"நம்ம பாஷை கேக்க பாட்டு மாதிரி இருக்காம்," என்றாள் சுகந்தி, முகத்தை நிமிர்த்தாமல்.

அதற்குள் கோல் தட்டும் சத்தம். இரண்டு மணிக்கு அடுத்த நடனம். துணி துவைக்கிற பெண்களைப் பார்த்து அந்தக் காலத்தில் யாரோ உண்டாக்கியதாம். வட்டமாகச் சுற்றிவிட்டு ஜோடிகள் எதிரெதிரே நிற்க வேண்டும். ஆண்கள் விரலை நீட்டிப் பெண்களைத் திட்டுவது போல் ஆட்ட வேண்டும். பெண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு பெண்கள் திட்டும் முறை, ஆண்கள் இடுப்பில் கை. கடைசியில் எல்லோரும் கை தட்ட வேண்டும், துணி அடிக்கிற மாதிரி.

எனக்குத் தாள் தேவைப்படவில்லை. விரலை நீட்டினேன். மேளம் நின்ற பிறகும் நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் முறை வந்தபோது அவளும் குறை வைக்கவில்லை. கண்ணில் நீர் திரண்டிருந்தது, விரல் மட்டும் தாளம் தப்பாமல் ஆடியது. உர்சுலா கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார்.

"பாருங்கள்! எல்லோரும் இவர்களைப் பாருங்கள்! இதுதான் நான் ஆறு வருடமாகக் கேட்கும் முகபாவம்!"

மற்ற பதின்மூன்று பேரும் எங்களைச் சுற்றி நின்று பார்க்க, இன்னொரு தடவை ஆடிக்காட்டச் சொன்னார். ஆடினோம். எனக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு எரிச்சல் வந்ததில்லை.

அடுத்த இடைவேளையில் ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வழியை யாரிடமும் கேட்கவில்லை. வந்த வழியே நடந்தேன். தெரு முனையில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் பெஞ்சு, பெஞ்சில் ஈரம். அட்டவணையில் சனிக்கிழமைக்கு என்று மொத்தம் நாலே எண்கள். அடுத்த பஸ் நாலே முக்காலுக்கு. மணி மூன்று பத்து. கையில் டிக்கெட் இல்லை, மொழி இல்லை, கார்ஹிங் வீட்டுச் சாவியும் இல்லை. கோபித்துக்கொண்டு போவதற்குக்கூட ஊர் வேண்டும். கோயம்புத்தூர் என்றால் இந்நேரம் ஒரு டீக்கடையாவது இருந்திருக்கும்.

பத்து நிமிடத்தில் பாலண்ணை குடையோடு வந்தார். வெல்வெட் தொப்பி தலையிலேயே இருந்தது.

"நான் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்," என்றார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி."

"நீங்க என்ன பண்ணுவீங்க? ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈரத்தைப் பொருட்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் எதிரே ஒரு பூனை மதில் ஏறுவதைப் பார்த்தோம்.

"அவவைக் கூட்டிக்கொண்டு போறதெண்டாப் போங்கோ, விடுறதெண்டா விடுங்கோ. அது உங்கட குடும்ப விசயம், நான் ஒண்டும் கதைக்க மாட்டன். ஆனா நாலு மணிக்கு முதியோர் இல்லத்தால ஆக்கள் வருகினம். ஒரு ஆள் குறைஞ்சா ஏழு சோடி நிக்க ஏலாது. உர்சுலா அழுதிடுவா."

"சுகந்திதான் அங்க இருக்காளே. அவ வேற யாரோடயாவது ஆடட்டும்."

"அதுதான் பிரச்சினை," என்றார். "அவவுக்குப் பொம்பிளையளின்ர பக்கம் தெரியாது. இஞ்ச ஆம்பிளையள் இல்லையெண்டு ரெண்டு வருசமா அவதான் ஆம்பிளையின்ர இடத்தில ஆடுறவ. நீங்கள் வாறியள் எண்டதுக்காக, இண்டைக்குத்தான் முதல் தரம் இந்தப் பக்கம் நிக்கிறா."

காலையில் அவள் பின்னோக்கிப் பின்னோக்கிப் போனதும், கிளாஸின் வயிறும், சிவந்த முகமும் ஞாபகம் வந்தன. என்னோடு ஜோடியாக நிற்பதற்காகத் தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததை ஆடியிருக்கிறாள். அதையாவது வாய் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். எதையுமே சொல்வதில்லை இவள்.

நான் மனம் இளகித் திரும்பிப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், பேண்ட்டின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது, பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

சுகந்தி ஹால் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், கோட்டுகூடப் போடாமல்.

"எங்க போனீங்க? போன்கூட இல்ல உங்ககிட்ட."

"நீ ஆம்பளை இடத்துல நில்லு," என்றேன். "நான் பொம்பளை இடத்துல நிக்கறேன். நீ பின்னாடி நட, நான் முன்னாடி வர்றேன். எனக்கு ரெண்டுமே தெரியாது, அதனால எதுவானாலும் ஒண்ணுதான்."

அவள் கதவைத் திறந்து பிடித்தாள். "நான் இன்னும் சாரி சொல்லல."

"அது அப்புறம். மணி நாலாகுது."

உர்சுலாவிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அந்தக் காலத்தில் இப்படி நடந்ததற்கு ஆதாரமே இல்லை!" என்றார். கிளாஸ் தன் பச்சைக் காலைச் சொறிந்துகொண்டே, ஆதாரமில்லாமல் ஆடுவதா, வயிற்றில் முட்டு வாங்குவதா என்றால் தான் முதலாவதையே விரும்புவதாகச் சொன்னார். அதற்குள் முதியோர் இல்லத்து வேன் வந்துவிட்டது. பேச்சு முடிந்தது.

எனக்கு ஒரு வெல்வெட் அங்கி மாட்டினார்கள். கை முட்டியோடு நின்றது. தொப்பியும் கிடைத்தது. முப்பது முதியவர்கள், பாதிப் பேர் சக்கர நாற்காலியில், காப்பியும் கேக்கும் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். பாலண்ணை மேளத்தைத் தட்டினார். சுகந்தி இடது கையை நீட்டினாள். நான் அதன் மேல் என் கையை வைத்தேன்.

அவள் நன்றாக ஆடுவாள். அதை நான் அப்போதுதான் பார்த்தேன். முதுகு நிமிர்ந்து, அவசரமில்லாமல், அடுத்த அடி எங்கே என்பதைக் கையின் ஒரு சின்ன அழுத்தத்தில் எனக்குச் சொல்லிக்கொண்டே போனாள். கோடிக்குப் போனதும் அவள் பின்னோக்கிப் போக, நான் அவளைச் சுற்றி வந்தேன். யார் மீதும் மோதவில்லை. இரண்டாவது சுற்றில் மட்டும் நான் முன்னால் போனவரின் பாவாடை ஓரத்தை மிதித்தேன். கிழிகிற சத்தம் கேட்டது. முன் வரிசையில் இருந்த ஒரு கிழவனார் பலமாகச் சிரித்து மேஜையைத் தட்டினார். அவர்தான் அன்றைக்கு உண்மையாகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது கிளாஸ் தன் காரில் கொண்டுவந்து விட்டார். ரயிலும் பஸ்ஸும் இல்லாதது நிம்மதி என்று பார்த்தால், வழி முழுக்க என் பம்புகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். எத்தனை குதிரைசக்தி, எத்தனை அடி ஆழம், தண்ணீரில் உப்பு இருந்தால் என்ன செய்வீர்கள்? பின் சீட்டில் சுகந்தி தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டாள். சண்டை போடவும் வழியில்லை, சும்மா இருக்கவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள். சாப்பிட்டோம். "உங்ககிட்ட கேட்டிருக்கணும்," என்றாள். "ஆமா, கேட்டிருக்கணும்," என்றேன். "வேண்டாம்னுதானே சொல்லியிருப்பீங்க?" என்றாள். "ஆமா," என்றேன். வேலையை விட்டுவிட்டு அவள் வர மாட்டாள். வேலையை விட்டுவிட்டு நானும் வர முடியாது. காலிப் பெட்டியை அலமாரிக்கு மேல் ஏற்றி வைத்தேன். அது மட்டும்தான் அன்று தீர்ந்த விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும். வாரா வாரம் பேசுவது. அதற்கென்று சுரண்டி எண் பார்க்கும் போன் கார்டுகளை ஆப்பிரிக்கக் கடை ஒன்றிலிருந்து சுகந்தி மொத்தமாக வாங்கி வைத்திருந்தாள். நான் கார்டை வைத்துக்கொண்டு, இந்தத் தடவை எதைச் சொல்வது என்று யோசித்தேன். ப்ரொஃபசருக்கு உடம்பு சரியில்லை எனலாம். மெஷின் ஒன்று வந்து சேரவில்லை எனலாம். ஆறு மாதம் ஆறு மாதமாகப் பிரித்துச் சொன்னால் கனம் தெரியாது.

"குடுங்க," என்று போனை வாங்கினாள் சுகந்தி. அவளே எண்களை அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அத்தை, நான் சுகந்தி. நல்லா இருக்கோம். ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு இங்க இன்னும் ரெண்டு வருஷம் வேலை குடுத்திருக்காங்க. செவ்வாய்க்கிழமை நான் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அவர்கிட்ட கேக்கல. அவருக்கு நேத்து வரைக்கும் தெரியாது. தப்பு என்மேலதான்."

போனில் அம்மாவின் பக்கத்து வீட்டு டிவி மட்டும் கேட்டது. சுகந்தியின் காது மடல் சிவந்திருந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அப்ப போன வருஷம் விட மாட்டேங்கறாங்கன்னு இவன் சொன்னானே? அது?" என்றாள் அம்மா.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"அதுவும் நான் கேட்டு வாங்குனதுதான், அத்தை."

"போன அவங்கிட்ட குடு."

ஸ்பீக்கரில்தான் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. நான் வாங்கிக் காதில் வைத்தேன்.

"ஏண்டா," என்றாள் அம்மா. "அவளாவது அஞ்சாறு நாள்தான் மறைச்சிருக்கா. சொல்லிப்போட்டா. நீ ஒரு வருஷமா எங்கிட்ட கதை அளந்துட்டிருந்தியாக்கும்? அந்த யுனிவர்சிட்டிக்காரன நான் எத்தன சாபம் விட்டிருப்பேன், தெரியுமாடா உனக்கு? நானென்ன, நெசத்தச் சொன்னாத் தாங்க மாட்டனா?"

நான் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள், கார்டில் நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு பெண் ஜெர்மன் மொழியில் அறிவித்து இணைப்பைத் துண்டித்தாள். இந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

சுகந்தி மேஜையிலிருந்து அடுத்த கார்டை எடுத்து, நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.